கதவில்லாத அம்மன்

மெயின்லேண்டிலிருந்து எங்கள் தீவுக்கு வந்த விருந்தாளிகளுக்காகப் போன வெள்ளிக்கிழமை அந்தக் கோயிலுக்குள் போக வேண்டியதாயிற்று. கராச்சர்மாவிலிருந்து பஸ்ஸில் போகும்போதெல்லாம் நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் கோயில் அது. வாசலில் பளபளவென்று ஒரு பலகை: ‘ராமாயண காலத்துப் புராதன ஆலயம்’. உள்ளே ஏசிக் குளிரோடு எலுமிச்சை வாசனை வந்து முகத்தில் அடித்தது. பழ வாசனை இல்லை. ஆஸ்பத்திரிக் கழிப்பறையில் தெளிப்பார்களே, அது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. புராதனமாம்! இந்தக் கோயிலின் முதல் கூரைக்குத் தகரம் பிடித்துக் கொடுத்தவளே நான்தான். கோணலாகப் பிடித்தேன் என்று திட்டும் வாங்கினேன்.

வாசனை என்றதும் பேச்சியக்காவின் பால்பவுடர் டின் ஞாபகம் வருகிறது. அதைத் திறந்தால் ஈரமண்ணும் வேப்பிலையும் மணக்கும். பத்துபஸ்தியில் எங்களுக்கு அடுத்த வீடு. நான் அப்போது டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் புதிதாக ஆபரேட்டர். அவள் ரோடு வேலைக்கு வந்தவரின் மனைவி. தூத்துக்குடிக்குத் தெற்கே, கடற்கரையில் இருக்கும் அவளுடைய ஊர்க் கோயிலிலிருந்து பிடிமண் எடுத்து, அந்த டின்னில் போட்டு, கப்பலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். “கப்பல் முச்சூடும் கக்குனேன். மண்ணு மேல ஒரு சொட்டு படல, தெரியுமா?” என்று பெருமையாகச் சொல்வாள்.

புராதனம் என்றால் அந்த ஊர்க் கோயில்தான். யார் கட்டியது, எப்போது என்று யாருக்கும் தெரியாது. கடலுக்குப் போன அண்ணன் திரும்பாததால், கரையிலேயே நின்று நின்று கல்லாகிப்போனவள்தான் அந்த அம்மன். அவள் பார்வையை மறைக்கக் கூடாதென்று கருவறைக்குக் கதவே கிடையாது. முன்மண்டபத் தூண்களைக்கூட இருபுறமும் ஒதுக்கித்தான் நட்டிருக்கிறார்களாம். கொடைத் திருவிழா முடியும் அன்று ஒரு பெண் எதிரே நின்று அம்மனை ஏச வேண்டும். அந்தச் சடங்குக்கே ‘ஏச்சு’ என்றுதான் பேர். கடல் கொண்டுபோனவர்களின் பேரைச் சொல்லிச் சொல்லி வைவார்கள். அம்மன் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொள்ள வேண்டும். ஏசுகிற உரிமை பேச்சியக்கா வீட்டுப் பெண்களுக்கு.

அந்தப் பிடிமண்ணை வைத்துத்தான் இங்கே, கடலைப் பார்த்து, கதவில்லாமல் தகரக் கொட்டகை போட்டோம். வருஷாவருஷம் அவள் ஏசுவாள். கேட்க வேடிக்கையாக இருக்கும். போனில் “நம்பர் ப்ளீஸ்” என்று குழைந்து பேசும் எனக்கு அந்த வாய்மேல் பொறாமை.

அப்புறம் ஒரு மழைக்காலத்தில் அவள் மகன் மாரி டிங்கிப் படகில் மீன்பிடிக்கப் போனான். திரும்பவில்லை. திக்லிபூர் வரைக்கும் ஒவ்வொரு ஊருக்கும் நான் லைன் போட்டுக் கேட்டேன். எல்லா இடத்திலும் ஒரே பதில்: “நஹீன் மிலா.” கிடைக்கவில்லையாம்.

அந்த வருஷக் கொடையில் பேச்சியக்கா ஏசியது சடங்கு இல்லை. “ஏட்டி, கண்ணத் தொறந்துக்கிட்டே தூங்குதியா? எம்புள்ள உன் முன்னாலதானட்டி போனான்! உங்க அண்ணனத்தான் விட்டுட்ட, எம்புள்ளையயும் விட்டுட்டியா?”

முன்வரிசையில் ஒரு பெரிய ஆபீசரும், புதிதாகக் கோயில் தலைவராகியிருந்த காண்ட்ராக்டரும் உட்கார்ந்திருந்தார்கள். காண்ட்ராக்டர் எழுந்து, “ஏ, மைக் பந்த் கரோ! மைக்க நிறுத்து! ஆபீசர் சாப் உக்காந்திருக்காரு. சாமி முன்னாடி என்ன அசிங்கம் இது?” என்று கத்தினார்.

பேச்சியக்கா அவர் பக்கம் திரும்பினாள். “நான் அவகிட்டப் பேசுதேன். நீ உக்காரு.”

அவர் உட்காரவில்லை. அடுத்த வருஷத்துக்குள் தகரத்தைப் பிரித்து கான்கிரீட் போட்டார், கோபுரம் எழுப்பினார், கருவறைக்குத் தேக்குக் கதவு மாட்டினார். நானும் பேச்சியக்காவும் போய்க் கேட்டோம்.

“கதவு போட்டா அவ எப்படிக் கடலப் பாப்பா?” என்றாள் பேச்சியக்கா.

“நகை இருக்கும்மா. திருடு போனா யாரு ஜவாப் சொல்றது?”

“அப்ப நகையக் கழட்டு.”

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை இன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை. நானும் கத்தத்தான் செய்தேன். கோபம் வந்தால் எனக்குக் குரல் கீச்சென்று போய்விடும், பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். “ஏச்சு கீச்சு எல்லாம் இனி இங்க கிடையாது. இது டீசன்ட்டான கோயில்” என்று காண்ட்ராக்டர் முடித்துவிட்டார்.

பேச்சியக்கா திக்லிபூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். பஸ் ஏறும்போது, “அவளும் நானும் பேச முடியாத ஊர்ல எனக்கு என்ன வேல?” என்றாள். இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால் அங்கேயே செத்துப்போனாள்.

இப்போதெல்லாம் கொடை முடிவில் மேடைக் கச்சேரி வைக்கிறார்கள். அந்தத் தகரக் கொட்டகை போனதற்கு நான் அழவில்லை. மழைக்கு ஒழுகும் கொட்டகைதானே. வெள்ளிக்கிழமை பார்த்ததைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. எங்களுக்கு முன்னால் ஒரு சின்னப் பெண் நின்றிருந்தாள். அவள் புருஷன் போன டிங்கி இன்னும் கரை சேரவில்லை என்று அவளுடைய மாமியார் அர்ச்சகரிடம் சொன்னார். “ஏதாவது குத்தங்குறை செஞ்சிருந்தா மன்னிப்புக் கேட்டுக்கோம்மா” என்றார் அர்ச்சகர். அந்தப் பெண் கன்னத்தில் போட்டுக்கொண்டு, அம்மனிடம் மன்னிப்புக் கேட்டாள்.