பதினொரு பை வைத்த மெத்தை

வண்டிகளுக்கு சீட் தைக்கும் அந்தக் கடையில் எட்டுப் பேர் வேலை பார்த்தார்கள். ஆனால் ஓட்டுநர்கள் வந்து இறங்கியதும் கேட்பது ஒரே கேள்விதான். "குஷன் அக்கா இருக்காங்களா?" இருந்தால் வண்டியை உள்ளே விடுவார்கள். இல்லாவிட்டால் நாளைக்கு வருகிறேன் என்று வந்த வழியே திரும்பிவிடுவார்கள்.

அவளுடைய வேலை முறை அப்படி. மற்றவர்கள் டேப்பை எடுத்து சீட்டை அளப்பார்கள். அவள் முதலில் ஓட்டுநரை வெறும் பலகையில் உட்கார வைப்பாள். ஸ்டீயரிங்கைப் பிடிக்கச் சொல்வாள். பேச்சுக் கொடுத்துக்கொண்டே, அவருடைய கை சும்மா இருக்கும்போது எங்கே போகிறது என்று பார்ப்பாள். சிலர் தொடைக்கு அடியில் துண்டைத் தேடுவார்கள், சிலர் முதுகுப் பக்கம் தண்ணீர் பாட்டிலைத் தேடுவார்கள். கை எங்கே போகிறதோ அங்கே ஒரு பை வைத்துத் தைத்துவிடுவாள். "உட்கார்ந்தவங்க எழுந்திருக்க வேண்டிய அவசியமே வரக்கூடாது. அதுக்குப் பேருதான் சீட்டு" என்பாள். முதலாளிக்கு இந்த வசனம் மனப்பாடம். புது வாடிக்கையாளர் வந்தால் தானே சொந்தமாக யோசித்ததுபோல் எடுத்துவிடுவார்.

அவள் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டினார். ஒரே மகள். ஐந்து வயதாக இன்னும் மூன்று மாதம் இருந்தது. நடக்க ஆரம்பித்த நாளிலிருந்தே ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடப்பாள். சுற்றி ஓயும் பம்பரம் கடைசியில் ஒரு தள்ளாட்டம் ஆடுமே, அந்த மாதிரி. அப்பா ஆசையாக வைத்த பெயர் பம்பரம். அக்கம்பக்கத்துக்கும் அதுவே பெயராகிவிட்டது. நடை மாறும், எலும்பு முற்ற முற்றச் சரியாகும் என்று பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். வலி என்று குழந்தையும் ஒரு நாள்கூடச் சொன்னதில்லை.

மகளைப் பள்ளியில் சேர்த்தபோது சீருடைப் பாவாடையை அவளே தைத்தாள். போட்டுப் பார்த்தால் இடது பக்கம் ஒரு விரல் அளவு கீழே இறங்கி நின்றது. வேறு யாராவது என்றால் பிள்ளையைப் பார்த்திருப்பார்கள். தைக்கத் தெரிந்தவள் என்பதால் அவள் துணியைப் பார்த்தாள். வெட்டியதில் கோணல் என்று நினைத்துப் பிரித்தாள், மறுபடி தைத்தாள். மறுபடியும் இடது பக்கம் இறங்கியது. மூன்றாவது முறை, இடது மடிப்பை மட்டும் ஒரு விரல் தூக்கித் தைத்தாள். பாவாடை நேராக நின்றது. அடுத்த இரண்டு பாவாடைகளையும் கையோடு அப்படியே தைத்து முடித்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவர் அவற்றை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். "ஏம்மா, தூங்கிக்கிட்டே தைச்சியா? மூணும் ஒரே பக்கமா கோணிக்கிட்டு நிக்குது."

"போட்டா நேரா நிக்கும்ங்க."

"போட்டா நேரா நிக்குதுன்னா, அப்ப கோணல் துணியில இல்லியே" என்றார் அவர். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது.

மகளை மேசைமேல் உட்காரவைத்து, இரண்டு கால்களையும் நீட்டச் சொல்லி, டேப்பைப் பிடித்தாள். இடது கால் ஒரு விரல் குட்டையாக இருந்தது.

எலும்பு மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "தொடை எலும்போட தலையில ஒரு உருண்டை இருக்கும். இடுப்புல ஒரு குழி இருக்கும். உருண்டை குழிக்குள்ள உட்காரணும். இவளுக்கு வெளியில நிக்குது. பிறக்கும்போதே இப்படித்தான் இருந்திருக்கும். யார் மேலயும் தப்பு இல்ல. ஆனா இப்படியே விட்டா, பெரியவளானா வலி இல்லாம நடக்க முடியாது. ஆபரேஷன் செஞ்சு உள்ள உட்கார வைக்கலாம்."

அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "குழி ஆழமில்லாம தட்டையா இருக்கே டாக்டர். வெறுமனே உள்ள வச்சா மறுபடி நழுவாதா? மேல ஒரு விளிம்பு மாதிரி ஏதாவது கட்டுவீங்களா?"

மருத்துவர் படத்தைக் கீழே வைத்தார். "அதைத்தான் செய்யப் போறோம். இடுப்பெலும்பை வெட்டி, குழிக்கு மேல கூரை மாதிரி இறக்குவோம். நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

"குஷன் போடுறேன்."

"அதான் பார்த்தேன்" என்றார்.

ஆபரேஷனுக்கு முந்தைய வாரமே மகளை அளந்து, அவளுக்கென்று ஒரு மெத்தை தைத்து வைத்துவிட்டாள். ஆபரேஷன் முடிந்து, நல்லபடியாக நடந்தது என்று சொல்லி, மகளை வெளியே கொண்டுவந்தார்கள். மார்புக்குக் கீழே தொடங்கிய மாவுக்கட்டு, இடது காலில் கணுக்கால் வரைக்கும் வலது காலில் முழங்கால் வரைக்கும் போயிருந்தது. இரண்டு கால்களும் தவளைபோல் அகன்று, நடுவில் ஒரு குச்சி வைத்துக் கட்டப்பட்டிருந்தது. தைத்த மெத்தை அந்தக் கால்களில் பாதியைக்கூடத் தாங்காது. மகள் மயக்கம் தெளிவதற்குள் அவள் கைப்பையிலிருந்து டேப்பை எடுத்துவிட்டாள்.

"அக்கா, பிள்ளை இப்பத்தான் வந்திருக்கு. முகத்தைப் பார்த்துட்டு அப்புறம் அளவெடுங்க" என்றாள் நர்ஸ்.

அளந்து முடித்துத்தான் முகத்தைப் பார்த்தாள். பார்த்தபிறகு அளவெல்லாம் மறந்துபோய், இரண்டாவது முறையும் அளக்க வேண்டியதாயிற்று.

கடையில் ஆறு வாரம் லீவு சொன்னாள். முதலாளி தலையில் கை வைத்தார். பிறகு கிடங்கைத் திறந்துவிட்டு, "நல்ல ஃபோமா பார்த்து எடுத்துக்கோம்மா. அந்த மூலையில கிடக்குறது வேணாம், அது வாடிக்கையாளருக்கு" என்றார்.

புது மெத்தை அவள் இதுவரை செய்த வேலையிலெல்லாம் உயர்ந்தது. முதுகுக்குச் சரிவு, அகன்ற கால்களுக்கு இரண்டு பள்ளம், மாவுக்கட்டின் விளிம்பு தோலில் உரசாமல் இருக்க மெல்லிய துணிச் சுருள். அது முன்னறையில் சுவரோரமாக உட்கார்ந்தது. ஓட்டுநர்களைப் பார்ப்பதுபோல் மகளையும் பார்த்தாள். கை போகும் இடத்திலெல்லாம் பை வந்தது. தண்ணீருக்கு ஒன்று, பிஸ்கட்டுக்கு ஒன்று, படப் புத்தகத்துக்கு, வண்ணப் பென்சிலுக்கு, பொம்மைக்கு, பொம்மையின் சீப்புக்கு என்று மொத்தம் பதினொன்று. பதினோராவது பையில் என்ன வைக்கலாம் என்று கேட்டதற்கு, "அது சும்மா இருக்கட்டும். பாவம், எல்லாமே வேலை செய்யுது" என்றாள் மகள்.

அந்த ஆறு வாரமும் கஷ்டமான நாட்கள்தான். இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். கட்டு நனையாமல் துடைக்க வேண்டும். உள்ளே அரிக்கும்; சொறிய ஒரு குச்சியைக்கூட விடக்கூடாது. "அம்மா, உள்ள எறும்பு கல்யாணம் நடக்குது" என்று மகள் அழுவாள். அம்மா விளிம்பில் விசிறியை வைத்து வீசியபடியே, "வந்தவங்கள எல்லாம் சாப்பாடு போட்டு அனுப்பிடலாம், கொஞ்சம் பொறு" என்பாள்.

ஆனால் வீடு சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்பா மாவுக்கட்டின் வயிற்றுப் பகுதியில் மார்க்கரால் ஒரு ஸ்டீயரிங் வரைந்தார், பக்கத்தில் ஹாரன். அன்றிலிருந்து மகள் வேன் ஓட்டினாள். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் பயணிகள். அதிக நேரம் உட்கார்ந்தவர்களுக்கு, "உங்க ஸ்டாப் வந்தாச்சு, இறங்குங்க" என்று சொல்லிவிடுவாள். பம்பரம் என்று இனி யாரும் கூப்பிட வேண்டாம் என்று அம்மா சொன்னபோது அவளே மறுத்தாள். "அது என் பேரு. உனக்கு வேணும்னா நீ வேற பேரு வச்சுக்கோ."

கட்டைப் பிரித்தார்கள். கால் குச்சியாக மெலிந்திருந்தது. மருத்துவர் புதிய படத்தைப் பார்த்துத் தலையாட்டினார். உருண்டை குழிக்குள் அழகாக உட்கார்ந்திருந்தது. முதல் சில வாரம் காலை மடக்கி நீட்டும் பயிற்சி மட்டும். பிறகு இன்னொரு படம் எடுத்துப் பார்த்து, "இனி தாராளமா ஊன்றலாம். பிடிச்சுக்கிட்டு நிக்கட்டும், நடக்கட்டும்" என்றார்.

மகள் நிற்கவில்லை.

பிடித்து நடக்கக் கொடுத்த கைப்பிடி வண்டியை முன்னால் வைத்தால் அதில் பொம்மையை உட்கார வைத்தாள். தூக்கி நிறுத்தினால் இரண்டு காலையும் மடக்கிக்கொண்டு தொங்கினாள். மிட்டாய், அதட்டல், கெஞ்சல் எதுவும் பலிக்கவில்லை. "வலிக்குதா?" என்று கேட்டால் "இல்ல." "பயமா?" "இல்ல." "அப்புறம் என்னதான்?" "எதுக்கு?" என்று திருப்பிக் கேட்டாள்.

ஒரு வாரம் இரண்டு வாரமானது. மருத்துவர் சிரிக்காமல் பேசினார். "எலும்பு நாங்க சரி பண்ணிட்டோம். தசை அவ நடந்தாத்தான் வரும். இப்படியே இருந்தா மூட்டு இறுகிடும். அடுத்த மாசம் வரும்போதும் ஊன்றலேன்னா, இங்கயே சேர்த்து வச்சுப் பயிற்சி கொடுக்கணும். எத்தனை வாரம்னு சொல்ல முடியாது."

அன்று வேனில் திரும்பும்போது அதுவே அம்மாவின் கண்முன் நின்றது. மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி அந்த நீளமான வார்டு. அதைவிடப் பெரிய பயம் ஒன்று அவளுக்கு இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்லவும் பயமாக இருந்தது. அவ்வளவு பட்டும் பிள்ளை நடக்காமலே போய்விட்டால்?

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் பெண் ஒரு மாலை வீட்டுக்கே வந்தாள். "வாங்க டாக்டரம்மா" என்றதும், "நான் டாக்டர் இல்லக்கா, பிசியோ. உங்க பொண்ணு டாக்டர முறைக்கிறதவிட என்னைத்தான் அதிகமா முறைக்கிறா" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவள், மெத்தையைப் பார்த்து நின்றுவிட்டாள். மகள் அதில் சாய்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். கட்டு பிரித்தபிறகு கால்களுக்கான பள்ளங்களை நிரப்பி, புது அளவுக்கு அம்மா மாற்றித் தைத்திருந்தாள்.

"நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்கட்டுமா, பாப்பா?"

"தண்ணி இந்தப் பையில இருக்கு" என்று மகள் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

பிசியோ உட்கார்ந்தாள், சாய்ந்தாள். பையிலிருந்து பிஸ்கட் எடுத்துத் தின்றாள், புத்தகம் எடுத்துப் புரட்டினாள். பத்து நிமிடம் போனது. "அக்கா, காலையிலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்கேன். இதுல உட்கார்ந்தா எனக்கே எழுந்திரிக்க மனசு வரல. இவ எழுந்திரிச்சு எங்க போகணும்? எதை எடுக்கணும்? சொல்லுங்க."

குஷன் அக்காவுக்கு முகம் சுருங்கியது. "நான் அவ கஷ்டப்படக் கூடாதுன்னுதான்..."

"நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க. கட்டு இருந்த ஆறு வாரத்துக்கு இது சாமி கொடுத்த வரம். அந்த வேலை முடிஞ்சுதுக்கா."

மறுநாள் மதியம். கடையில் லீவை இன்னும் நீட்டித்திருந்தாள். மகளை மெத்தையிலிருந்து தூக்கி எதிர்ச் சுவரோரம் இருந்த மர நாற்காலியில் உட்கார வைத்தாள். தரையில் உட்கார்ந்து, தையல் பிரிக்கும் சிறு கத்தியை எடுத்தாள். கடையில் நூறு சீட் பிரித்திருக்கிறாள். எல்லாம் கிழிந்து நைந்து வந்தவை. நன்றாக இருக்கும் தையலை, அதுவும் தன் கையாலேயே போட்ட இரட்டைத் தையலைப் பிரிப்பது இதுதான் முதல் தடவை. நூல் சுலபத்தில் விடவில்லை. அவ்வளவு கெட்டியாகத் தைத்திருந்தாள்.

பிஸ்கட் பை வந்தது. பென்சில் பை வந்தது.

"அம்மா, என்ன பண்ற?"

"பிரிக்கிறேன்."

"அது என்னோடது."

"ஆமா, உன்னோடதுதான்."

"பிரிக்காத."

"பிரிச்சாகணும்டா செல்லம்."

"நான் சொல்றேன்ல, பிரிக்காத. அப்பாகிட்ட சொல்லுவேன்." குரல் உடைந்தது. பிறகு கோபம் வந்தது. கட்டு போட்ட நாளிலிருந்து பார்க்காத நல்ல, முழுக் கோபம். "நீ கெட்ட அம்மா. கேட்காம எடுக்கிற. இரு, வரேன்."

அம்மா நிமிரவில்லை. கத்தி பொம்மைப் பையின் மூலையில் நின்றது. நாற்காலி தரையில் உரசும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பிடி என்று உடம்பு முழுவதும் சொன்னது. அவள் இடது கையை வலது கையால் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

சுவரைப் பிடித்து ஓர் அடி. நெடுநேரம் ஒன்றுமில்லை. இன்னோர் அடி. மூன்றாவது அடிக்குச் சுவர் முடிந்து ஜன்னல் வந்தது. மகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, அம்மாவை முறைத்தாள். கால்கள் இரண்டும் நடுங்கின. ஆனால் இரண்டும் தரையில் இருந்தன.

"திருப்பித் தைச்சுக் கொடு."

"தைக்கிறேன்." குரல் தடுமாறாமல் இருக்க அவள் ஒவ்வொரு சொல்லாகப் பேசினாள். "எங்க தைக்கணும்? மெத்தையில கிடையாது. வேற இடம் காட்டு."

மகள் யோசித்தாள். கோபம் இன்னும் இருந்தது, ஆனால் வேலையும் வந்துவிட்டது. "பிஸ்கட் இங்க" என்று ஜன்னல் கம்பியைத் தட்டினாள். "பென்சில்..." என்று சுற்றிப் பார்த்தாள். கதவு கண்ணில் பட்டது. அதன் உள்பக்கக் கொக்கியைத் தொட்டுக் காட்ட வேண்டுமென்றால் இன்னும் நான்கு அடி போக வேண்டும். ஜன்னலிலிருந்து சுவருக்குக் கை மாற்றினாள். சாய்ந்து, நிமிர்ந்து, சாய்ந்து போனாள்.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. மதிய ட்ரிப் முடித்து வந்த அப்பா, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். மனைவியைப் பார்த்தார். அவள் தரையில் உட்கார்ந்து, மடி நிறைய அறுந்த நூலோடு, பேசாதீங்க என்று தலையை மட்டும் அசைத்தாள்.

மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பா, வழியில நிக்காதீங்க. எனக்கு நிறைய வேலை இருக்கு."