பத்தாவது சத்தம்

எங்கள் கல்குவாரியில் வெடி வைக்கிற அண்ணாச்சிக்கு விரல் விட்டு எண்ணுகிற பழக்கம். திரிகளைப் பற்றவைத்துவிட்டு ஓடிவந்து, மறைப்புச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்ததும் இரண்டு கைகளையும் மூடிக்கொள்வார். ஒவ்வொரு குழி வெடிக்கும்போதும் ஒரு விரல் விரியும். நான் மேலே கேட்டில் சிவப்புக்கொடியோடு நின்று தனியாக எண்ண வேண்டும். "ஒன்னாங்கிளாஸ் பையனாட்டம் என்னங்க அண்ணாச்சி இது?" என்று கிண்டல் செய்வேன். "விரல் பத்தும் இருக்கிற வரைக்கும் எண்ணிக்கிடுதேன் தம்பி" என்பார். தெற்கேயிருந்து பிழைப்புக்குத் திருப்பூர் வந்த மனிதர். அவருடைய மனைவி முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தார். பனியனில் ஓட்டை கண்டுபிடிக்கிறது அவள் வேலை, பாறையில் ஓட்டை போடுகிறது என் வேலை என்று சொல்லிச் சிரிப்பார்.

இரண்டு பேர் எண்ணியதும் ஒத்துப்போக வேண்டும் என்பது சுரங்கப் பாதுகாப்பு அதிகாரி போட்ட விதி. ஒன்று குறைந்தால் ஏதோ ஒரு குழி வெடிக்காமல் கிடக்கிறது என்று அர்த்தம். அரைமணி நேரம் ஒருவரும் இறங்கக்கூடாது. அதற்குப் பிறகும் அந்தப் பக்கம் கடப்பாரை போகக்கூடாது. அதே அதிகாரி இன்னொன்றும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பக்கத்திலிருந்த பழைய பாறைக்குழியில் சாயக்கழிவு கொட்டவே கூடாது. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில், சாயத்தண்ணீரைச் சுத்தம் செய்தபின் மிஞ்சுகிற சேற்றை எங்கே போடுவதென்று சாயப்பட்டறைக்காரர்கள் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் முதலாளி அதிகாரியிடம் தலையாட்டினார். லாரிகள் வந்துகொண்டுதான் இருந்தன. வெடி நேரத்திலாவது ஒரு வண்டியும் விட்டுவிடாதே என்று அண்ணாச்சி என்னிடம் கேட்டுக்கொண்டார். கேட்டைப் பூட்டுவது என் வேலை.

அன்றைக்குப் பத்துக் குழி. விசில் ஊதப்போகிற நேரத்தில் ஒரு சேற்று லாரி வந்து நின்றது. "ஒரே நிமிசமுங்க, கொட்டீட்டு ஓடிப்போயர்றனுங்க" என்று டிரைவர் கெஞ்சினார். எனக்கு இரக்கமெல்லாம் இல்லை. தகராறு பண்ணச் சோம்பல், அவ்வளவுதான். பழைய குழிப் பக்கம் போகச் சொல்லிவிட்டு விசிலை ஊதினேன். வெடிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. ஒன்பதுக்குப் பிறகு கொஞ்சம் இடைவெளி. அப்புறம் ஒரு சத்தம். பாரத்தோடு லாரியின் பின்கதவு அடித்துத் திறந்த சத்தம் அது. பாறைக்குழிக்குள் எந்தச் சத்தமும் வெடியாட்டம்தான் கேட்கும். இருந்தாலும், என்ன இது மொட்டையாக இருக்கிறதே என்று எனக்குத் தோன்றியது. தோன்றாமல் இல்லை.

"எத்தனை தம்பி?" என்று கீழேயிருந்து கேட்டார்.

"பத்துங்க அண்ணாச்சி."

"எனக்கும் பத்துதான்."

புகை அடங்கியதும், வழக்கம்போல் மற்றவர்களை நிறுத்திவிட்டு அவர் மட்டும் இறங்கிப் போனார். ஆடிக்கொண்டிருந்த ஒரு கல்லைக் கடப்பாரையால் நெம்பினார். வெடிக்காமல் கிடந்த பத்தாவது குழி அப்போதுதான் வெடித்தது.

விசாரணைக்கு அதே அதிகாரி வந்தார். வெடி நேரத்தில் லாரி ஏதாவது உள்ளே வந்ததா என்று என்னைக் கேட்டார். முதலாளி பக்கத்தில் நின்றிருந்தார். "இல்லீங்க சார்" என்றேன். நானும் பத்தென்று எண்ணியதை யாரும் கேட்கவில்லை. எண்ணிக்கையில் வெடிக்காரர் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டு போனார்கள். குடிக்கவே தெரியாத மனிதரைக் குடித்துவிட்டு எண்ணியிருப்பார் என்று ஊர் பேசியது. இன்றைக்கு அந்தப் பழைய குழி நிரம்பி, மேலே வேலிக்காத்தான் மண்டிக் கிடக்கிறது. முதலாளி போய்ச் சேர்ந்துவிட்டார். யாருக்குப் பயந்து இத்தனை வருடம் வாயைத் திறக்காமல் இருந்தேனோ, வெட்கங்கெட்ட ஜென்மம்.

அண்ணாச்சியின் காரியம் முடிந்து அப்போது ஒரு மாதம் இருக்கும். அவர் மனைவி, அந்த அக்கா, கம்பெனி விட்டு நேரே என்னைத் தேடிக் கேட்டுக்கு வந்தார். புடவையெல்லாம் பஞ்சுத் தூசி.

"தம்பி, நீங்கதான் கூட இருந்திய. லைன் வீட்டுல எல்லாரும் அவிய தப்பா எண்ணிட்டாவன்னு சொல்லுதாவ. நான் ஒத்துக்கிடவே இல்ல, தினமும் சண்டைக்குத்தான் நிக்கேன். நீங்க சொல்லுங்க. அவிய சரியாத்தான எண்ணுனாவ?"

லாரி வந்தது என்ற ஒரு வார்த்தை போதும். சொல்ல வாயெடுத்தேன். வந்தது வேறு.

"மனுசனுக்குத் தப்பு வர்றதுதானுங்க அக்கா."

"சரி தம்பி. இனிமே நான் யார்கிட்டயும் பேசல" என்று சொல்லிவிட்டு நடந்து போனார்.

அண்ணாச்சிக்காகச் சண்டை போட இந்த ஊரில் இருந்தது அந்த ஒரு ஆள்தான். அவர் வாயையும் நான் அடைத்துவிட்டேன்.