இருந்தபடியே ஒப்படைக்கவும்

குழாயைத் தொடுவதற்கு முன் சுவரில் காதை வைப்பார். வீட்டுக்காரர் எங்கே ஒழுகுகிறது என்று சொல்லி முடிப்பதற்குள், சமையலறைச் சுவரில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு கண்ணை மூடி நிற்பார். "இங்க இல்ல. மூணடி தள்ளி உள்ளுக்குள்ள அழுவுது" என்பார். உடைத்துப் பார்த்தால் அங்கேதான் இருக்கும்.

வீட்டுவசதித் துறையில் இருபத்தாறு வருடமாகக் குழாய் வேலை. சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் நாலைந்து அளவு வாஷர்கள் கிடப்பதால் அலுவலகத்தில் அவர் பெயரே 'வாஷர் அண்ணன்'. ஸ்பேனரை யாருக்கும் இரவல் தரமாட்டார். வேலை செய்யும்போது வாய் சும்மா இருக்காது; அந்தக் குழாயை முன்பு பொருத்திய ஆளை வைதுகொண்டேதான் கழற்றுவார். பல நேரம் அந்த ஆள் அவராகவே இருப்பதுண்டு. அது தெரிந்ததும் வசவின் சுருதி கொஞ்சம் இறங்கும், நிற்காது.

இந்த வருடம் அவருடைய வசவு குழாய்களை விட்டு மேலே ஏறிவிட்டது.

காரணம், கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கும் பதினாறு வீட்டுக் கட்டடம். வீடில்லாத குடும்பங்களைக் குடிவைக்கப் பத்து வருடங்களுக்கு முன் துறை அதைத் தனியார் ஒருவரிடம் குத்தகைக்கு எடுத்தது. அன்றைக்கு அங்கே குழாயைத் திறந்தால் துருநிறத் தண்ணீர்தான் வரும். இவர்தான் தளம் தளமாகப் புதுக் குழாய் இழுத்தார். தொட்டியை மாற்றினார், மோட்டாரை மாற்றினார், சாக்கடைக் குழாய்க்காக மூன்று நாள் குழிக்குள் நின்றார். எல்லாம் துறைச் செலவு. இப்போது குத்தகை முடிந்தது. கட்டடம் மாப்பிள்ளை மாதிரி நிற்கும்போது உரிமையாளர் திரும்பக் கேட்காமல் இருப்பாரா? பதினாறு குடும்பங்களும் மூட்டை கட்டின.

இவர் கைக்கு ஒரு பட்டியல் வந்தது. 'பெற்றபோது இருந்தபடியே ஒப்படைக்கவும்' என்று மேலே போட்டிருந்தது. இரண்டு முறை படித்துவிட்டு இளம் பொறியாளரின் மேசைக்குப் போனார்.

"இருந்தபடியேன்னா எப்படி சார்? துருப்புடிச்ச பைப்பைத் தேடிக் கொண்டாந்து மாட்டணுமா?"

பொறியாளர் கெட்டவர் இல்லை. புதிதாகக் கட்ட ஐந்தாறு வருடம் ஆகும், வரிசையில் நிற்பவர்களுக்கு இன்றைக்கே கூரை வேண்டும், விலைக்கு வாங்கவோ ஒரே மூச்சில் அவ்வளவு நிதி வராது என்று பொறுமையாக விளக்கினார். வாஷர் அண்ணனும் பொறுமையாகவே கேட்டார்.

"பத்து வருஷம் முன்னாடி இந்த நாற்காலியில இருந்தவரும் இதையேதான் சொன்னாரு சார். அன்னைக்கே அஸ்திவாரம் போட்டிருந்தா இப்ப நாலு வருஷமா ஜனங்க அதுல குடியிருப்பாங்க. இத்தனை வருஷம் குடுத்த வாடகைக்கு ஒரு செங்கல்லாவது நம்ம பேர்ல இருக்கா?"

பொறியாளர் கணினித் திரையைப் பார்த்தார். அடுத்த கோப்பைத் திறந்தார்.

வாஷர் அண்ணன் பிறந்து வளர்ந்ததும், இன்றைக்குக் குடியிருப்பதும், அவருடைய அப்பா காலத்தில் துறையே கட்டிய குடியிருப்பில். படிகள் தேய்ந்துவிட்டன, மழைக்கு மாடி ஒழுகும். ஆனால் காலி செய் என்று ஒருவரும் வந்து கதவைத் தட்டியதில்லை. "நல்ல வீடு வேணும்னு யாரு கேட்டா? போகச் சொல்லாத வீடு போதும்" என்று சாப்பிட உட்கார்ந்தாலும் ஆரம்பித்துவிடுவார். தட்டைப் பார்த்துத் திட்டினால் அது என்ன செய்யும் என்பார் மனைவி.

பட்டியலின் பதினோராவது வரியில்தான் அவர் விரல் நின்றது. தரைத்தளம், இரண்டாம் எண் வீடு, குளியலறைக் கைப்பிடிகளைக் கழற்றிச் சுவரைச் சீராக்கவும்.

அது தையல்காரம்மாவின் வீடு. பக்கவாதத்தில் இடப்பக்கம் சுரணையற்றுப் போனபிறகும் வலக்கையை மட்டும் வைத்து மெஷினில் தைக்கப் பழகிக்கொண்டவர். குளியலறையில் இரண்டு முறை வழுக்கி விழுந்தார். யாருடைய உத்தரவும் இல்லாமல், ஒரு விடுமுறை நாளில், வாஷர் அண்ணன் போய் இரும்புக் கைப்பிடிகளைப் பொருத்திக் கொடுத்தார். அளவு எடுக்க டேப்பை எடுக்கவில்லை. "அக்கா, விழப்போறப்ப கை எங்க போவுமோ அங்க நீட்டுங்க" என்று சொல்லி, அந்த விரல்கள் தொட்ட இடத்தில் பென்சிலால் குறித்தார்.

அவற்றைக் கழற்ற வேறு ஆளை அவர் விடவில்லை. எட்டு ஸ்க்ரூவுக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார். அன்றைக்கு அவர் யாரையும் வையவில்லை என்பதை உடன் வந்த பெயின்டர் ஊர் முழுக்கச் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கைப்பிடிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தையல்காரம்மாவின் புது வீட்டுக்குப் போனார். அதுவும் குத்தகைதான், ஐந்து வருடத்துக்கு. கதவைத் திறந்த மகள் தயங்கித் தயங்கி ஒரு காகிதத்தை நீட்டினாள். உரிமையாளரின் நிபந்தனைகள். சுவரில் ஆணி, துளை எதுவும் கூடாது.

தையல்காரம்மா குளியலறை வாசலில் தோளைச் சுவரில் சாய்த்து நின்றிருந்தார். "வேணாம் தம்பி. உங்க வேலைக்கு வம்பு வந்துடும். அஞ்சு வருஷந்தானே, பாத்து நடந்துக்கறேன்."

"அஞ்சு வருஷத்துக்கு விழக் கூடாதுன்னு இதுல எழுதியிருக்கா அக்கா?"

வாஷர் அண்ணன் மகளிடமிருந்து காகிதத்தை வாங்கி, முதல் வரியிலிருந்து கையெழுத்துவரை நிதானமாகப் படித்தார். பிறகு தையல்காரம்மாவைக் கை நீட்டச் சொல்லி, விரல்கள் தொட்ட டைல்ஸில் பென்சிலால் குறித்தார். காகிதத்தைப் பாதியாக மடித்து, அந்தக் குறிக்குச் சற்றுக் கீழே, தூசி தரையில் சிந்தாதபடி பை போல விரித்து ஒட்டினார். கருவிப் பையிலிருந்து துளைக்கும் மெஷினை எடுத்துக் குறியில் வைத்து அழுத்தினார்.