கொக்கி இல்லாத பிக்கப் கிடைக்குமா?

என் பழைய ஜீப்பின் பின்னால் ஒரு கொக்கி உண்டு. மழை பெய்தால் எங்கள் மலையூர் சூரியநெல்லியின் சேற்றில் புதையும் சுற்றுலாக் கார்களை எல்லாம் இழுப்பது அதுதான். யாராவது கூப்பிட்டுப் பாதியில் எழுந்து போவதால், ஞாயிற்றுக்கிழமைச் சோற்றைச் சூடாகத் தின்று வருஷக்கணக்காகிறது.

அதனால் இன்று புதுப் பிக்கப் பார்க்க அடிமாலி போனேன். ஷோரூம்காரர் இரண்டு வண்டிகளின் இழுவை பேக்கேஜை, அதாவது பிற வண்டிகளை இழுக்கும் வசதிகளை, ஒப்பிட்டுக் காட்டினார்.

“சாரே, இதுல கம்பெனி கொக்கி மட்டும். அதுல ட்ரெய்லர் ஆடாம பிடிக்கிற வசதியும் உண்டு. எது வேணும்?”

“கொக்கியே இல்லாதது இருக்கா?”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அதற்குள் போன். பக்கத்து வீட்டுச் செல்வம். நான் மனைவியிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

“அண்ணே, புது வண்டி பாக்கப் போயிருக்கீகளாமே? பெரிய கொக்கியாப் பாருங்க. ஜீப்பு வேனை இழுக்க முக்குது, நாங்கள்ல தள்ள வேண்டியிருக்கு!”

“சரிப்பா” என்றேன். என் வாயில் வேறு சொல் வருவதில்லை.

பெரிய பேக்கேஜுக்கே சொல்லிவிட்டு வந்தேன்.

கொக்கியை மறைக்க உறை எங்கேயாவது விற்கிறார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சேற்றில் மாட்டிக்கொண்டவர்கள் மட்டும் தயவுசெய்து கமெண்ட் போட வேண்டாம்.