பெருவிரலுக்கு ஒரு வேலை

சென்ற சனிக்கிழமை தமிழ்க்கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றேன். பின்னால் ஒரு குரல்.

"அண்ணை, உங்கட மச்சாள் துவக்கோடை வேலைக்குப் போறாவாம்... மெய்யே?"

திரும்பிப் பார்த்தேன். முன்பின் தெரியாத மனிதர். பதில் வரும்வரை நகர்வதில்லை என்ற முடிவோடு நின்றார்.

"ஓம்" என்றேன்.

"என்ன துவக்கு? பழைய மாடலோ, புது மாடலோ?"

பாருங்கள், நாங்கள் எவ்வளவு முன்னேறிவிட்டோம். ஊரில் துவக்கு, அதாவது துப்பாக்கி, என்றால் எந்தப் பக்கத்தால் ஓடுவது என்று பார்ப்போம். ரொறன்ரோவில் என்ன மாடல் என்று விசாரிக்கிறோம்.

ஆனால் அவர் கேட்டது சரியான கேள்விதான். அந்தக் கேள்வியோடுதான் எங்கள் வீடு இந்தக் குளிர்காலம் முழுவதும் மல்லுக்கட்டியது. கடைக்குள் நின்று சொல்லக்கூடிய பதில் இல்லை. கதையும் ஸ்காபரோவைச் சுற்றிக் கைகால் முளைத்துத் திரிகிறது. அதனால் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். ராஜினியிடம் கேட்டேன். "எழுதுங்கோ அத்தான். ஆனா என்னை வீராங்கனை ஆக்கிப்போடாதேங்கோ" என்றாள்.

ராஜினி என் மனைவி சாந்தாவின் தங்கை. மோர்னிங்சைட்டில் எங்களோடுதான் இருக்கிறாள். உயரமான பெண், அதிகம் பேசமாட்டாள். முதலில் ஒரு ஷொப்பிங் மோலில் செக்கியூரிட்டி கார்ட் ஆக இருந்தாள். பிறகு வங்கிகளுக்குப் பணம் கொண்டுபோகும் கம்பனி ஒன்றில் சேர்ந்தாள். தெருவில் பார்த்திருப்பீர்கள் — இரும்புப் பெட்டி போன்ற ட்ரக், குட்டி ஜன்னல். அதிலிருந்து ஒருவர் பணப்பையோடு இறங்குவார். இன்னொருவர் துவக்கோடு அவருக்குக் காவல் வருவார். அந்த இன்னொருவர்தான் ராஜினி. பணப்பையோடு இறங்குபவர் மனுவல் — போர்த்துக்கல்லில் இருந்து வந்தவர், இரண்டு பெண் பிள்ளைகளின் தகப்பன்.

வேலை கிடைத்ததை ராஜினி சொன்னபோது, சமைத்துக்கொண்டிருந்த சாந்தா கரண்டியை வைத்துவிட்டாள்.

"துவக்குக்குப் பயந்துதானேடி இஞ்சை ஓடி வந்தனாங்கள்?"

"அது அவங்கட கையிலை இருந்த துவக்கு அக்கா. இது என்ரை கையிலை இருக்கிறது."

இந்தப் பதிலில் சாந்தா சமாதானம் ஆகவில்லை. நானும்தான்.

கம்பனி அப்போது பழைய சுழல் துப்பாக்கிகளைக் கழித்துவிட்டு, செமி ஓட்டோமற்றிக் பிஸ்டலுக்கு மாறிக்கொண்டிருந்தது. விசையை ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் ஒரு குண்டு. அடுத்தது தானாக ஏறிக்கொள்ளும். இரண்டு வகை வாங்கியிருந்தார்கள். இரண்டையும் சுட்டுப் பார்த்து, எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளலாம். அன்றைக்கு ராஜினியின் கார் பனியில் ஸ்டார்ட் ஆகவில்லை. நான்தான் பயிற்சிக் கூடத்துக்குக் கூட்டிப்போனேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து பார்க்க விட்டார்கள். காதை மூடியிருந்தும் ஒவ்வொரு வெடிக்கும் என் தோள் தூக்கித் தூக்கிப் போட்டது.

அந்த இரண்டையும் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று பழைய பாணி. முழுக்க இரும்பு. பின்பக்கத்தில் ஒரு சுத்தியல் துருத்திக்கொண்டு நிற்கும். பக்கத்தில் ஒரு சின்ன லீவர், அதுதான் சேஃப்டி. பெருவிரலால் அதைக் கீழே தள்ளினால்தான் துவக்கு வெடிக்கும். மற்றது புதுப் பாணி. பிடியெல்லாம் கறுத்த பிளாஸ்டிக், பாரமே இல்லை. வெளியே சுத்தியலும் இல்லை, லீவரும் இல்லை. பாதுகாப்பு எல்லாம் உள்ளுக்குள். எடு, நீட்டு, இழு. அவ்வளவுதான்.

எல்லோரும் புதியதைத்தான் எடுத்தார்கள். பயிற்சியாளர் ஓய்வுபெற்ற பொலிஸ்காரர். அவரும் அதைத்தான் சிபாரிசு செய்தார். பயம் வந்தால் விரல் மரத்துப்போகும், அந்த நேரத்தில் லீவரைத் தேடிக்கொண்டிருக்க முடியாது என்றார். நியாயம்தானே?

ராஜினி இரண்டாலும் சுட்டாள். இரண்டிலும் குறி தப்பவில்லை.

"பழையது" என்றாள்.

"ஏன்?" என்றார் அவர்.

ராஜினி ஆங்கிலத்தில் சொன்ன பதில் கதவிடுக்கால் எனக்கும் கேட்டது. "லீவர் எந்தப் பக்கம் நிற்கிறது என்று முன்னால் நிற்பவனுக்குத் தெரியும். அதற்காக."

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "துவக்கைத் தெரிவுசெய்ய ஒருவர் சொன்ன காரணங்களில் இதைவிட மோசமானதை நான் கேட்டதில்லை" என்றார். ஆனால் கொடுத்தார்.

திரும்பி வரும்போது காரில் கேட்டேன்.

"உப்பிடி ஒரு காரணம் எங்கையிருந்து வந்தது?"

"ஊரிலை சென்றியிலை மறிச்சுச் சோதிக்கேக்கை நான் ஆமிக்காரன்ரை முகத்தைப் பாக்கிறேல்லை அத்தான். கையைத்தான் பாக்கிறது. லீவர் எந்தப் பக்கம் நிக்குது, விரல் எங்கை நிக்குது எண்டு. அதைப் பாத்துத்தான் மூச்சு விடுறது."



சாந்தா அன்றிலிருந்து பின்னேரங்களில் ரிவிக்கு முன்னால் போய் இருக்கத் தொடங்கினாள். நாடகம் பார்க்க அல்ல, செய்தி பார்க்க. எந்த வங்கி, எந்தத் தெரு என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். ட்ரக் என்ற சொல் வந்தால் சத்தத்தைக் கூட்டுவாள். ராஜினி கதவில் திறப்புப் போட்டுத் திறக்கும் ஓசை கேட்டதும் அணைத்துவிடுவாள். வந்தவளிடம் ஒன்றும் கேட்கமாட்டாள். இப்படி எத்தனை வீடுகளில் எத்தனை பேர் கதவைக் கேட்டுக்கொண்டு இருக்கிறார்களோ...

மாசி மாதம். பார்க்டேலில் ஒரு வங்கி. ட்ரக்கை வாசலோடு நிறுத்தியிருந்தார்கள். மனுவல் பையோடு இறங்கிவிட்டார். ராஜினி அவருக்குப் பின்னால், தெருவைப் பார்த்தபடி.

ட்ரக்கின் பின்பக்கத்தால் ஒரு மனிதன் ஓடிவந்தான். பெரிய கோட். முகத்தை மூடிய தொப்பி. வலது கை கோட்டுக்குள்.

மனுவல் ஆங்கிலத்தில் "நில்" என்று கத்தினார். அவன் நிற்கவில்லை. நேரே வந்தான்.

ராஜினி துவக்கை எடுத்துவிட்டாள். நீட்டிவிட்டாள். பெருவிரல் லீவரில். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அந்த நேரம் தெருவிலை ஒரு சத்தமும் இல்லை அத்தான். என்ரை பெருவிரலை மட்டும்தான் எனக்குத் தெரியுது. தள்ளு தள்ளு எண்டு மூளை சொல்லுது. விரல் அதிலையே நிக்குது."

அவன் துவக்கைக் கண்டான்.

கையை உயர்த்தவில்லை. திரும்பி ஓடவில்லை. அப்படியே பனியில் முழங்காலில் விழுந்தான். கோட்டுக்குள் இருந்த கையை வெளியே எடுத்தான் — வெறுங்கை. இரண்டு கைகளையும் பிடரியில் கோத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, நெற்றி நிலத்தில் முட்டும் அளவுக்கு மடங்கினான்.

கனடாவில் பிறந்த ஒருவனும் அப்படி இருக்கமாட்டான். யாரும் சொல்லாமல், ஒரு நொடியில், அவ்வளவு ஒழுங்காக அப்படி இருக்க எங்கே பழகியிருப்பான்? ராஜினிக்கு விளங்கிவிட்டது. ஊரில் ஆமியின் சுற்றிவளைப்பில் கோயில் வீதியில் வரிசையாக அப்படி இருந்தவர்களில் அவள் தமையன்மாரும் இருந்தார்கள்.

"எழும்புங்கோ அண்ணை" என்றாள் தமிழில்.

அவர் எழும்பவில்லை. தமிழைக் கேட்டதும் உடம்பு இன்னும் சுருங்கியது. துவக்கை உறைக்குள் வைக்க அவளுக்கு முதல்தரம் முடியவில்லை.  பிறகு பக்கத்தில் குனிந்து, தோளைத் தொட்டு, "ஒண்டுமில்லை அண்ணை. நாங்கள் ஆமி இல்லை. எழும்புங்கோ" என்று திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியிருந்தது.

விஷயம் இவ்வளவுதான். அவர் ஸ்ட்ரீட்காரை, தெருவில் ஓடும் ட்ராம் வண்டியை, பிடிக்க ஓடிவந்தவர். தரிப்பிடம் ட்ரக்குக்கு அந்தப் பக்கம். கையுறை இல்லை, குளிருக்குக் கையைக் கோட்டுக்குள் வைத்திருந்தார். கண் முழுக்க ஸ்ட்ரீட்காரில். அது போயே போய்விட்டது.

நீங்கள் நினைப்பீர்கள், ராஜினியை எல்லோரும் தட்டிக்கொடுத்திருப்பார்கள் என்று. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

 கம்பனிக்குத் திரும்பி, ட்ரக்கை விட்டு இறங்கிய பிறகு மனுவல் கேட்டாராம்.

"உன் பெருவிரல் எங்கே இருந்தது?"

"லீவரில்."

"கீழே தள்ளினாயா?"

"இல்லை."

"அவன் கையில் துவக்கு இருந்திருந்தால் முதலில் விழுந்திருப்பது நான். என் இரண்டு கையிலும் பை. இடுப்பில் இருப்பதை எடுக்க நேரம் இல்லை. அந்த நேரம் நீதான் என் துவக்கு."

மேற்பார்வையாளரும் அதையே சொன்னார், கொஞ்சம் மரியாதையாக. சில நாள் லீவு எடுத்துக்கொள், யோசி, வரும்போது புதிய பிஸ்டலுக்கு மாறிக்கொண்டு வா.

வீட்டில் எனக்குக் கோபம். "ஒரு உயிர் தப்பியிருக்கு. மனுவலுக்கு என்ன விசரே?" என்றேன்.

"இல்லை அத்தான். அவர் சொல்லுறது சரி" என்றாள் ராஜினி. கோட்டைக்கூடக் கழற்றாமல் குசினி மேசையில் இருந்தாள். "அவருக்கும் வீட்டிலை ஆக்கள் காத்துக்கொண்டு இருக்கினம்."

 சாந்தா தங்கையின் சப்பாத்தைக் கழற்றி ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

இரண்டு நாள் கழித்து ராஜினி என்னைக் கூப்பிட்டாள். அந்த மனிதரைப் பார்க்கவேண்டுமாம். தனியப் போக ஏலாதாம். அன்றைக்கே அவருடைய பெயரையும் இருக்கும் கட்டடத்தையும் கேட்டு வைத்திருந்தாள். போனோம். சிவநாதன் என்று பெயர். பார்க்டேலில் ஒரு மாடிக் கட்டடத்தில் வேறு சிலரோடு இருக்கிறார். மனைவி பிள்ளைகள் இன்னும் இலங்கையில், வன்னியில். எங்களைக் கண்டதும் அந்தரப்பட்டுக் கதிரை இழுத்துப் போட்டார். தேத்தண்ணி போட்டார்.

"தங்கச்சி, நான்தான் பாக்காமல் குறுக்கை வந்திட்டன். குறை நினைக்காதேங்கோ. உங்கட வேலைக்கு ஏதும் பிரச்சினையே?"

துவக்கை நீட்டியவளிடம் அவர் மன்னிப்புக் கேட்கிறார். ராஜினியால் தேத்தண்ணியைத் தொட முடியவில்லை.

"அண்ணை... ஒண்டு கேக்கலாமோ? நான் துவக்கை நீட்டேக்கை என்ரை கையைப் பாத்தனீங்களே? பெருவிரலை?"

"இல்லைத் தங்கச்சி. துவக்கு எண்டு கண்ட உடனை கண்ணை மூடிட்டன்."

"லீவர் மேலை நிண்டது. அதைப் பாத்தனீங்களோ எண்டு..."

"என்ன லீவர்?" என்றார் அவர்.

காரில் ஏறி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டே ராஜினி சொன்னாள்.

"முன்னாலை நிக்கிறவருக்காக எடுத்தனான் எண்டு நினைச்சன். அவர் பாக்கவே இல்லை."

"அப்ப புதுசுக்கு மாறன்" என்றேன். அதுதானே நியாயமான முடிவு?

"இல்லை. அவர் கண்ணை மூடிட்டார். அவரைப் பாக்கிறதுக்கு நேரம் வேண்டியிருந்தது எனக்குத்தான். புதுசு எண்டால் நான் இழுத்திருப்பன் அத்தான். எனக்குத் தெரியும். விரல் நேரை விசைக்குத்தான் போயிருக்கும்."

மறுநாள் அவள் கம்பனிக்குப் போகவில்லை. மனுவலின் வீட்டுக்குப் போனாள். நான் பழையதையே வைத்திருக்க விரும்புகிறேன், ஆனால் உன் உயிரை வைத்து அதை நான் தனியே முடிவுசெய்ய முடியாது என்றாள். பயிற்சிக் கூடத்துக்கு வா. நான் எடுத்து, லீவரைத் தள்ளி, சுடுகிறேன். பார். போதாது என்று நீ சொன்னால் மாறிவிடுகிறேன்.

மனுவல் வந்தார். ஒரு ஞாயிறு அல்ல, பல ஞாயிறுகள். தன்னுடைய புதிய பிஸ்டலோடு பக்கத்தில் நின்று தானும் சுட்டார். ஆரம்பத்தில் ஒவ்வொரு முறையும் அவர்தான் முந்தினார். ராஜினியின் பெருவிரல் தோல் உரிந்தபோது சாந்தா மஞ்சள் பூசிவிட்டாள் — துவக்குப் பிடிக்கும் விரலுக்குத்தான் பூசுகிறோம் என்று முணுமுணுத்துக்கொண்டே. பிறகு மெல்ல மெல்ல இரண்டு வெடியும் ஒன்றாகக் கேட்கத் தொடங்கின.

சென்ற மாதம் மனுவல் சொல்லியிருக்கிறார்: "சரி. உன் பெருவிரலோடு நான் தெருவில் இறங்குகிறேன். ஆனால் என்னுடையதை மாற்றச் சொல்லாதே." மனுவலே சரி என்றதால் மேற்பார்வையாளரும் விட்டுவிட்டாராம்.

ஆக, பழையதா புதியதா என்று கடையில் கேட்ட அந்த மனிதருக்கு என்ன சொல்ல? ஒரே ட்ரக்கில் இரண்டும் போகின்றன. இரண்டு பேரும் மற்றவருடையதை விரும்பவில்லை. இரண்டு பேரும் மற்றவரை நம்பி இறங்குகிறார்கள். கல்யாணம் முடித்தவர்களுக்கு இதைப் புதிதாக விளக்கத் தேவையில்லை.

நேற்று ஞாயிறு. ராஜினி பயிற்சி முடித்து வந்தாள். சாந்தா முதல் தடவையாக வாய் திறந்து கேட்டாள்.

"இண்டைக்கு எப்பிடி?"

"நல்லாப் போச்சுது அக்கா. எல்லாக் குண்டும் குறி வைச்ச பேப்பரிலைதான் பட்டது."

சாந்தா சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்:

"எப்பவும் பேப்பரிலையே படட்டும்."