நானே கலந்த ஈயம்

என் முனைவர் பட்டத்தின் லட்சணத்தைக் கேளுங்கள். தண்ணீரில் கலந்த ஈயத்தை உறிஞ்ச, இறால் ஓட்டையும் பாலிமரையும் சேர்த்து மணிகள் செய்தேன். ஆலைக் கழிவில் ஈயம் கலந்த எண்ணூர் ஆற்றுத் தண்ணீரில் சேறும் உப்பும் அதிகம், மணிகள் கெட்டுவிடும் என்று அதைத் தொடவே இல்லை. காய்ச்சி வடித்த நீரில், வாங்கிவந்த ஈய உப்பை நானே கலந்து நானே எடுத்தேன். துறையில் கைதட்டினார்கள்.

ஓடு கொடுத்துவந்த எண்ணூர் மீன்கார அக்காவிடம் பீற்றிக்கொண்டேன்.

“நல்ல தண்ணில நீயே வெசத்த கலந்து நீயே எடுத்தியா? சரி நைனா, எடுத்தத இன்னா பண்ண?”

மணிகளை மறுபடி பயன்படுத்த அமிலத்தில் அலசுவோம். அலசிய ஈயத் தண்ணீரைக் கழுவுதொட்டியில் ஊற்றிவிடுவோம். அந்தத் தொட்டியின் குழாய் சாக்கடை வழியாக, அக்கா இறால் பிடிக்கும் ஆற்றில்தான் விழுகிறது.

“பத்திரமா வச்சிருக்கோம்க்கா” என்றேன்.