கை தெரிந்த குருவிகள்

எனக்கு எண்பத்து மூன்று வயது. பெற்றது ஐந்து, வளர்த்து ஆளாக்கியது நான்கு. ஒன்று அம்மையில் போய்விட்டது. எழுத்துக் கூட்டிப் படிப்பேன். எழுதச் சொன்னால் கையெழுத்துக்கு மேல் ஓடாது. அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். சொல்லப்போவது என்னைப் பற்றி இல்லை. எங்கள் வீட்டுப் புழக்கடையில் குடியிருந்த சிட்டுக்குருவிகளைப் பற்றியும், அவற்றுக்குக் காவல் இருந்த என் ஓரகத்தியைப் பற்றியும்தான்.

பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டில் இரண்டு தறி. ஒன்றில் என் வீட்டுக்காரர், மற்றதில் என் கொழுந்தன். கொழுந்தன் பெண்டாட்டி என்னைவிட நாலைந்து வயது சின்னவள். கல்யாணமாகி ஏழெட்டு வருஷமாகியும் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. அரிசிக்கு ஊரே வரிசையில் நின்ற காலம் அது. காலையில் தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டிக் கஞ்சி போடும்போது கீழே சிந்துகிற பருக்கைக்குக் குருவிகள் வரும். அவள் அந்தப் பருக்கைகளைப் பொறுக்கி வந்து புழக்கடையில் வைப்பாள். குருவிகள் வந்தன. வந்தவற்றுக்கு இடம் வேண்டுமே என்று, குயவர் வீட்டில் விளிம்பு போன சின்னக் கலயங்களைக் கேட்டு வாங்கினாள். சுவரிலிருந்து தள்ளி நான்கு கம்பம் நட்டு, குறுக்கே மூங்கில் கட்டி, கலயங்களைத் தொங்கவிட்டோம். நானும்தான் கூட நின்று கட்டினேன்.

முதல் ஈட்டுக் குஞ்சுகள் இருக்கும்போதே சாரைப்பாம்பு ஏறிவிட்டது. காலையில் பார்த்தால் ஒரு கலயத்துக்குள் வயிறு உப்பிச் சுருண்டு கிடக்கிறது. அவள் அழவில்லை. மண்ணெண்ணெய் டின்னை வெட்டித் தகடாக்கி, கம்பம் ஒவ்வொன்றிலும் இடுப்புயரத்துக்குச் சுற்றி ஆணி அடித்தாள். அந்த வழுக்கலில் பாம்பும் ஏறாது, பூனையும் ஏறாது. காக்கை தலை நுழையாதபடி கலயத்தின் வாயைக் கயிறு சுற்றிச் சின்னதாக்கினாள். தறியில் கழிகிற பட்டு நூலைக் குருவிகள் கூட்டுக்கு எடுத்துப் போகும். ஒரு குஞ்சின் காலில் நூல் இறுகிக் கால் கறுத்துச் செத்த பிறகு, நூலை எல்லாம் விரல் நீளத்துக்கு நறுக்கித்தான் போடுவாள். அரக்கும் பச்சையுமாக ஒவ்வொரு கலயத்தின் வாயிலும் நூல் நீட்டிக்கொண்டிருக்கும். அவள் கையை உள்ளே விட்டால்கூட ஒரு குருவியும் பறக்காது. நான் பக்கத்தில் போனால் போதும், அத்தனையும் முருங்கை மரத்துக்குப் போய்விடும்.

மாமியார் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் பாவுக்காரர்கள் நாலு பேர் முன்னால் சொன்னார்:

"ஊர்க் குருவிக்கெல்லாம் இவ தொட்டில் கட்றா. இவ தொட்டில் வெறுசாவே தொங்கிக்கினு இருக்குது."

அவர்கள் சிரித்தார்கள். அவள் நூல் நறுக்குவதை நிறுத்தவில்லை.

மாமியார் அதோடு விடவில்லை. மாகறல் பக்கம் ஒரு பெண்ணைப் பார்த்து வைத்தார். இரண்டாம் கல்யாணம் கூடாது என்று சட்டம் வந்துவிட்டிருந்தது. எங்கள் தெருவில் அதை யாரும் மதிக்கவில்லை. ஆடி முடிவதற்குள் இவள் வயிற்றில் ஒன்றும் நிற்கவில்லையென்றால் ஆவணியில் தாலி என்று பேச்சாகிவிட்டது. கொழுந்தன் தறிக்குழியை விட்டு எழவில்லை. அவள் தானே போய் ஒரு நாட்டு வைத்தியரைப் பார்த்துவிட்டு வந்தாள். புருஷனுக்கு லேகியம் கொடுக்கவேண்டும் என்றாராம். என்ன லேகியம் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பங்குனி உத்திரத்தன்று வீட்டில் எல்லோரும் சாமி புறப்பாடு பார்க்கப் போனோம். தலைவலி என்று அவள் மட்டும் இருந்துவிட்டாள். விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பினோம். மற்ற நாளில் அந்த வேளையில் புழக்கடையில் காது கொடுக்க முடியாது. அன்று இரண்டொரு குஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. கிணற்றடியில் மூடி போட்ட கூடை இருந்தது. பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். கூடைக்குள் அசைகிறது.

நான் கேட்டேன்: "எல்லாத்தையுமாடி?"

"வைத்தியரு உசுரோட வோணும்னாருக்கா. வேற யாரு கைய வுட்டாலும் செதறிப் பூடும். என் கைன்னா சும்மா இருக்குங்க."

"கொஞ்சத்த வுட்டுட்டு புடிச்சிருக்கலாமே."

"இதுவே பத்தாதுக்கா."

மறுநாள் விடியும் முன்பே கூடையைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். கலயத்தில் மிச்சமிருந்த குஞ்சுகளுக்குக் குழைந்த சோற்றை விரல் நுனியில் வைத்து ஊட்டிப் பார்த்தாள். சாயங்காலத்துக்குள் சத்தம் நின்றுவிட்டது. தகடு அடித்த கம்பங்கள் வெயிலில் மினுங்கிக்கொண்டு நின்றன.

லேகியம் ஒரு மண் ஜாடியில் வந்தது. நெய் மணம், வெல்ல மணம். என் கடைசிப் பிள்ளை தனக்கும் வேண்டும் என்று அழுதான். அவன் முதுகில் ஒன்று வைத்தேன். கொழுந்தன் ஒரு மண்டலம் சாப்பிட்டான். ஜாடியை விரலால் வழித்துக்கூடச் சாப்பிட்டான்.

ஒன்றும் ஆகவில்லை. ஆடி போயிற்று.

ஆவணியில் தாலி கட்டுவதற்கு முந்தின நாள், அவளுடைய அண்ணன் வந்து அழைத்துப்போனான். ஒரு துணிமூட்டைதான். புழக்கடையைச் சுற்றி வந்து என்னிடம் சொன்னாள்:

"கலயத்த எறக்கிடாதக்கா. எதுனா ஒண்ணு வந்தாலும் வரும்."

நான் இறக்கவில்லை. மாமியார் இரண்டு முறை சொன்னார், அப்போதும் இறக்கவில்லை. அந்த வீட்டில் நான் யார் சொல்லியும் செய்யாத ஒரே காரியம் அதுதான். மழைக்கு முன்னால் கயிறு மாற்றுவேன். தகடு துருப்பிடித்தால் வேறு அடிப்பேன். தெருவில் கஞ்சி போடும்போது குருவிகள் வரும், பருக்கையைக் கொத்தும், அடுத்த வீட்டு ஓட்டுக்குப் போய்விடும். எங்கள் கலயத்தில் ஒன்றுகூட நுழையவில்லை.

புதிதாக வந்தவளுக்கும் பிள்ளை இல்லை. மூன்றாம் வருஷம் மாமியார் அவளையும் அதே பார்வை பார்க்க ஆரம்பித்தார். அப்போது ஒருநாள் அவள், இந்த வெறும் கலயமெல்லாம் எதற்கு என்று என்னைக் கேட்டாள். குருவிக்கு என்று மட்டும் சொன்னேன். வைத்தியர் பேச்சை எடுக்கவில்லை.

போனவள் அண்ணன் வீட்டில் தறிக்கு நூலைத் தார் சுற்றிக்கொண்டிருந்தாள் என்று கேள்வி. அங்கேயே செத்தாள். எங்களுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை.

எழுதிட்டியா கண்ணு? எங்க, மொதல்லேர்ந்து படி. அவ பேர எங்கனா எழுதியிருந்தா அடிச்சிடு. அவ பேசற எடத்த மட்டும் மெதுவாப் படி.